நாய்க்குட்டிக்கு வைத்த நிய்யத்து

எழுத உட்கார்ந்ததற்கே முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பத்தாம் வகுப்புவரை படித்தவள். வீட்டில் ஏதாவது விண்ணப்பம் நிரப்ப வேண்டுமென்றால் மகள்தான் நிரப்புவாள், நான் கையெழுத்துப் போடுவேன். கல்யாண வீட்டில் யாராவது என்னைக் கதைக்கக் கூப்பிட்டால் சமையல் பக்கம் போய் நின்றுவிடுவேன். அப்படிப்பட்டவள், அதுவும் நாயைப் பற்றி எழுதினால், எங்கள் ஆட்களில் சிலருக்குப் பிடிக்காது என்று தெரியும். மார்க்கச் சட்டம் சொல்ல எனக்கு அறிவு கிடையாது. இதைப் படித்துவிட்டு யாரும் நாய் வளர்க்க வேண்டாம், வளர்க்கிறவர்களை ஏசவும் வேண்டாம். போன வருடம் பத்து நாட்கள் நான் பட்ட பாட்டை எங்கேயாவது எழுதிவைக்க வேண்டும்போல் இருந்தது. அவ்வளவுதான்.

எங்கள் தோட்டம் மாம்புரிக்குக் கொஞ்சம் தள்ளி, வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. வெங்காயமும் மிளகாயும் போடுகிறோம். ஓரத்தில் தென்னை. என் கணவர் மீன் லொறி ஓட்டுகிறார். வாரத்தில் மூன்று தடவை கொழும்புக்குப் போவார், போனால் மறுநாள் மத்தியானம்தான் வருவார். மகள் கல்யாணம் கட்டி புத்தளம் டவுனில் இருக்கிறாள். அடுத்த வளவில் என் ராத்தா, என்னைவிட ஆறு வயது மூத்த அக்கா. மற்றபடி ஆடுகளும் நானும்தான்.

போன வருடம் ஐந்து ஆடுகள் இருந்தன. மூன்று பெரியவை, இரண்டு குட்டிகள். ஒரு பகல் நான் லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்து பார்த்தால், வேலி ஓரத்தில் ஒரு குட்டி கழுத்துக் கிழிந்து கிடந்தது. நரியா, தெருநாய்களா என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் மற்றக் குட்டியைக் காணவே இல்லை. வேலியில் அதன் மயிர் மட்டும் ஒட்டியிருந்தது.

அன்று சோறு தின்றுகொண்டே கணவர் சொன்னார், "நாய் ஒண்டு வெச்சா இந்தப் பிரச்சினை இல்ல."

சொல்லிவிட்டு அவர் கை கழுவிக்கொண்டு லொறிக்குப் போய்விட்டார். அவருக்கு அது வாயில் வந்த பேச்சு. எனக்கு அது அப்படிப் போகவில்லை. ஏனென்றால் எனக்கு ஏற்கெனவே ஒரு நாய்க்குட்டியைத் தெரியும்.

எங்கள் தோட்டத்துக்கு நேரே கடற்கரையில் வாடி இருக்கிறது. சிலாபம் பக்கத்து, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்கார மீன்பிடி ஆட்கள் கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் அங்கே வந்து தென்னங்கிடுகுக் கொட்டில்கள் போட்டு இருப்பார்கள். காற்று மாறத் தொடங்கியதும் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். வாடித் தண்ணீர் உப்பு. அதனால் அதில் ஒருத்தி ஆறு வருடங்களாக எங்கள் கிணற்றுக்கு வருகிறாள். பாதி சிங்களம், பாதி தமிழ் கலந்து கதைப்பாள். என்னை அக்கா என்பாள், நான் அவளைத் தங்கச்சி என்பேன். எனக்குச் சிநேகிதி என்று சொல்ல அவள் ஒருத்திதான்.

அவளுடைய நாய் அந்த முறை நான்கு குட்டி போட்டது. மூன்று ஆண் குட்டிகளையும் ஆட்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். மிஞ்சியது ஒரு பெட்டை, கபில நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்தது. பெட்டைக் குட்டி என்றால் யாரும் எடுக்கமாட்டார்கள். வளர்ந்து குட்டி போடத் தொடங்கினால் யார் பார்ப்பது?

"அனே அக்கா, அடுத்த சனிக்கிழம லொறி வரும். தாய மட்டும்தான் கொண்டுபோகலாம், ஊருல வாடகை வீட்டுக்காரன் ஏசுவான்," என்றாள். "ஒராளும் எடுக்காட்டி இவள மீன் சந்தையடியில விட்டுட்டுப் போவம். அங்க மீன் தல கிடைக்கும்."

சந்தையடியில் எத்தனை நாய்கள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். எத்தனை லொறிகள் வந்துபோகின்றன என்றும் தெரியும். அதில் ஒன்றை ஓட்டுகிறவர் என் கணவர்.

நான் அதுவரை ஒரு நாயையும் தொட்டதில்லை. எட்டு வயதில் குர்ஆன் ஓதப் போகிற வழியில் ஒரு நாய் என் செருப்பை நக்கிவிட்டது. நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால் கழுவ வேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். கூட வந்த பிள்ளைகள் எல்லாம் ஏழுவரை எண்ணிச் சிரித்தார்கள். கழுவலாம் என்றுகூடத் தோன்றாமல், செருப்பைக் கழற்றி வழியோரக் களப்புத் தண்ணீரில் எறிந்துவிட்டேன். ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து உம்மாவிடம் அடி வாங்கினேன். இந்த லட்சணத்தில் நாய் வளர்க்க யோசித்தேன்.

மார்க்கத்தில் இதற்கு இடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆட்டுக்குக் காவல், பயிருக்குக் காவல், வேட்டை என்றால் நாய் வைத்திருக்கலாம். ஆசைக்கு வைத்திருக்கக் கூடாது. வைத்திருந்தால் ஒவ்வொரு நாளும் நாம் செய்த நன்மையில் குறைந்துகொண்டே போகும் என்பார்கள். ஆட்டுக்கு என்றால் சரிதானே, ஆடுதான் போய்விட்டதே, அப்புறம் என்ன யோசனை என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதல் இரண்டு நாட்கள் அப்படித்தான் நினைத்தேன்.

யோசனை எல்லாம் வேறு பக்கத்தில் ஓடியது. தொழுகிற உடுப்பை எங்கே காயப்போடுவது? மகளிடம் டவுனுக்குப் போய் இரண்டு நாள் நின்றால் யார் சோறு வைப்பது? பேரப்பிள்ளை தவழ்கிற வயது, அதைக் கொண்டுவந்து விடுவாளா? எங்கள் வேலி ஓரத்தால்தான் ஆட்கள் பள்ளிவாசலுக்கு நடந்து போகிறார்கள், விடியற்காலை பஜ்ருக்குப் போகிற வயதானவர் ஒருவரின் சாரத்தில் நாய் வாய் வைத்தால் என்ன சொல்வது? இங்கே கழுதைகள் கூட்டம் கூட்டமாகத் திரியும், அவற்றைப் பார்த்து நாள் முழுக்கக் குரைத்தால்? விசர் பிடிக்காமல் இருக்க நாய்க்கு ஊசி எங்கே போடுகிறார்கள்? இப்படி ஒன்று முடிந்தால் ஒன்று. வெங்காயத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டு மறந்துபோய், ஒரு பாத்தி முழுக்கக் குளமாகிவிட்டது.

அதில் என்னை மிகவும் வருத்தியது மண். எங்கள் பக்கம் முழுக்க மணல். ஏழு தடவையில் ஒரு தடவை மண் என்றால், தண்ணீர் கலங்க வேண்டும் என்று ஓதித்தந்த லெப்பை சொன்னது நினைவில் இருந்தது. ஒரு பேசினில் தண்ணீர் எடுத்து எங்கள் மணலை இரண்டு கை போட்டுப் பார்த்தேன். மணல் நேரே அடியில் போய் இருந்துகொண்டது. தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. எத்தனை தடவை கலக்கினாலும் அதே கதைதான்.

கணவர் இடைக்கிடை குளத்து மீன் ஏற்ற எலுவன்குளம் பக்கம் போவார். அந்த வழியில் நல்ல சிவப்பு மண் கிடைக்கும்.

"வரக்குள்ள ஒரு உர பேக்கில சிவப்பு மண் கொண்டு வாங்க," என்றேன்.

"என்னத்துக்கு?"

நாய்க்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "பூ மரத்துக்கு," என்றேன்.

அவர் மண்ணைக் கொண்டுவந்து கிணற்றடியில் வைத்தார். நான் தோட்டத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோது ராத்தா அங்கே குந்திக்கொண்டிருந்தாள். முழங்கைவரை மண். பக்கத்தில் நான்கு ரோசாத் தடிகள்.

"மச்சான் சொல்லித்தான் தெரியும். பூ மரம் வைக்கப் போறாயாம். என்னட்டச் சொன்னா நான் தரமாட்டனா?" என்றாள். "வெறும் மண்ணில ரோசா வருமா? நான் ஆட்டுப் புழுக்கை நல்லாக் கலந்து வெச்சிருக்கன். இனிப் பாரு எப்படிப் பூக்குதெண்டு."

ஒரு மூட்டை மண்ணும் புழுக்கையாகிவிட்டது. சுத்தம் செய்யக் கொண்டுவந்த மண் அசுத்தமாகிவிட்டது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளுக்குச் சந்தேகம் வந்தது. அவளிடம் நான் எதையும் ஒளிக்க முடிந்ததில்லை. சொல்லிவிட்டேன்.

ராத்தா கையை மண்ணிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாய் இருக்கிற வீட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க. தெரியுமா?" என்றாள், வானவர்களைச் சொல்லி.

"வீட்டுக்குள்ள இல்ல ராத்தா. ஆட்டுக் கொட்டிலடியில."

"மலக்குமார் வராட்டி நானும் வரமாட்டன். அவங்க வந்தா ஒண்டும் தின்னமாட்டாங்க. நான் வந்தாத் தேத்தண்ணி ஊத்தணும். எது லாபமெண்டு நீயே பாத்துக்கொள்."

சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் அன்று அவள் தேத்தண்ணீர் குடிக்காமல் போனாள்.  நாய் வருவதற்கு முதலே ஒரு மனிதர் வருவது நின்றுவிடுமோ என்று பயந்தேன். மறுநாள் காலை அவள் ரோசாத் தடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தாள். நாயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. 

தொட்டுப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது என்று நினைத்து, செவ்வாய்க்கிழமை பின்னேரம் வாடிக்குப் போனேன். தங்கச்சி நெத்தலி காயப்போட்ட பாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கொஞ்சம் தள்ளி ஒரு கவிழ்த்த பெட்டியில் இருந்தேன். குட்டி வந்தது. என் காலைச் சுற்றியது. நான் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டேன்.

"அக்கா, அது உங்களத் தின்னாது. பல்லே இப்பதான் வருது," என்றாள்.

"பல்லுக்குப் பயமில்ல."

"அப்ப?"

"நாக்குக்கு."

அவள் நெத்தலியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். ஆறு வருடங்களாக எங்கள் கிணற்றடியில் நான் காலும் முகமும் கழுவுவதைப் பார்த்தவள், அதனால் அவளுக்கு விளங்கியது. விளங்கித்தான் சிரித்தாள்.

கால் வலித்துக் கீழே வைத்தேன். என் பாவாடையின் ஓரம் மணலில் விரிந்து கிடந்தது. குட்டி அதன்மேல் ஏறி இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்தது. படுத்ததும் தூங்கிவிட்டது. அதன் வயிறு ஏறி இறங்குவதைப் பாவாடைத் துணி வழியாக என் காலால் உணர முடிந்தது. நான் அசையவில்லை. அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். நான் அசையவில்லை. கடலுக்குப் போன படகுகள் திரும்பின, தங்கச்சி எழுந்து போய், வலை தட்டி, திரும்பி வந்தாள். நான் அங்கேயே இருந்தேன். அஸர் நேரம் முடிகிற கட்டத்தில்தான் பாவாடையை மெல்ல இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

ஓடும்போதுதான் பயம் பிடித்தது. தொழுகை பிந்தியது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் வேறு. அந்த நேரம் முழுக்க எனக்கு ஆட்டின் நினைவே வரவில்லை. செத்த குட்டி நினைவில் இல்லை, நரி இல்லை, வேலி இல்லை. அந்த வயிறு ஏறி இறங்குவது மட்டும்தான் இருந்தது.

எங்களுக்கு எந்தக் காரியமும் நிய்யத்தில்தான் இருக்கிறது. மனதில் என்ன எண்ணி ஒன்றைச் செய்கிறோமோ அதுதான் கணக்கு. நோன்புக்கு நிய்யத்து வைக்கிறோம், தொழுகைக்கு வைக்கிறோம். நாயை ஆட்டுக்காக என்று வாயால் சொல்லிக்கொண்டு மனதில் ஆசையை வைத்திருந்தால், அது யாரை ஏமாற்றுகிற வேலை? பாவாடையை ஏழு தடவை கழுவினேன். மணலைப் போட்டுத்தான். வேறு மண் இல்லை.

புதன்கிழமை முழுக்க ஆட்டைப் பார்த்துக்கொண்டே திரிந்தேன். ஆட்டுக்காக, ஆட்டுக்காக என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணம் வருகிறது, கூடவே அந்த நிமிர்ந்த காதும் வருகிறது. யாரிடமாவது கேட்கலாம் என்றால், இப்படி ஒரு விசயத்தை எப்படிக் கேட்பது? ஐம்பதை நெருங்குகிற பெண், நாய்க்குட்டிமேல் ஆசை வந்துவிட்டது என்று மௌலவியிடம் போய்ச் சொல்வதா?

வியாழக்கிழமை எல்லாம் தலைகீழாகிவிட்டது.

கணவர் கொழும்பிலிருந்து வரும்போதே ஒரு ஆட்டு வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஹஜ்ஜுப் பெருநாள் கிட்ட வந்துகொண்டிருந்தது. குர்பானுக்கு ஆடு தேடுகிற காலம்.

"மூணையும் குடுத்திடுவம்," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "குட்டியெல்லாம் போச்சு. நான் வீட்டில இல்லாத நேரம் நீ தனியக் கிடந்து பயப்பட வேண்டியதில்ல. நாயும் தேவையில்ல, ஒண்டும் தேவையில்ல."

எனக்காகத்தான் சொன்னார். நான் பத்து நாட்களாக நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து, ஆடு போன பயம் என்று நினைத்திருக்கிறார்.

ஆடு இல்லையென்றால் நாய்க்குக் காரணம் இல்லை. காரணம் இல்லையென்றால் முடிவெடுக்கத் தேவையில்லை. பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்திருக்க வேண்டும். இறங்கவில்லை. வியாபாரி ஒவ்வோர் ஆடாகப் பிடித்துப் பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார். இரண்டைக் கயிற்றில் கட்டிவிட்டார். மூன்றாவது, வெள்ளைப் பெட்டை ஆடு. சினையாக இருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, நிச்சயமில்லை. அவர் அதன் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

"அதை வேணாம்," என்றேன்.

அந்நிய ஆண் ஒருவருக்கு முன்னால் என் சத்தம் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"ஏன் ராத்தா, இதுக்கு மாப்புள பாத்து வெச்சிருக்கா?" என்றார் வியாபாரி.

"சினை," என்றேன். அதுவும் முழு உண்மையில்லை.

"சினையெண்டாக் குர்பானுக்கு நான் எடுக்கவும் மாட்டன்," என்று அவர் கயிற்றை விட்டார். இரண்டு ஆடுகளையும் ஏற்றிக்கொண்டு போனார்.

 கணவர் கதிரையை வெளியே இழுத்துப் போட்டு இருந்தார். தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"சினையா?"

"தெரியா. இருக்கலாம்."

"அப்ப ஏன் புள்ள நிப்பாட்டின?"

சொல்லாமல் இருந்தால் அவர் விட்டிருப்பார், அப்படிப்பட்ட மனிதர். ஆனால் சனிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது. "நாய் வளக்கணும்," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மண் எதற்கு என்பதையும், பாவாடையையும், அஸர் பிந்தியதையும்.

அவர் தேத்தண்ணீரை முடித்தார். "ஊரில ஆட்டக் காக்க நாய் வளப்பாங்க. நீ நாய் வளக்க ஆடு வளக்கிறாய்."

"அதுதான் பயமா இருக்கு."

"நான் லொறிக்காரன். எனக்கு இது விளங்காது. மௌலவிட்டக் கேப்பம்."

நான் வேண்டாம் என்பதற்குள் போனை எடுத்து, சத்தமாகக் கேட்கும்படி போட்டுவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். மௌலவி எங்கள் மகளின் வயதை ஒத்த இளம் ஆள். பொறுமையாகக் கேட்டார்.

"ஆடு இருக்கா?"

"இருக்கு மௌலவி."

"எத்தன?"

கணவர் கதவுப் பக்கம் பார்த்தார். "ஒண்டு," என்றார்.



"ஒண்டெண்டாலும் ஆடு ஆடுதான். தோட்டமும் இருக்குத்தானே. காவலுக்கெண்டா வெச்சுக்கொள்ளலாம். வீட்டுக்குள்ள எடுக்காதீங்க. எச்சில் பட்டாக் கழுவிக்கொள்ளுங்க. அது காஞ்சிருந்து, நம்மட உடுப்பும் காஞ்சிருந்தா ஒண்டும் இல்ல, கழுவத் தேவையில்ல."

"நிய்யத்துத்தான் பிரச்சினை எண்டுறா," என்றார் கணவர். எனக்குச் சுவருக்குள் போய்விட வேண்டும்போல் இருந்தது.

"நிய்யத்து அவங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில. அத நான் போனில பாக்க ஏலாது," என்றார் மௌலவி. சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

கணவருக்கு அதோடு விசயம் முடிந்தது. "சரி, வைக்கலாம் எண்டுட்டார்," என்று எழுந்து குளிக்கப் போனார். எனக்கோ கேட்ட கேள்வி அப்படியே என் கையில் திரும்பி வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தபிறகு வாடிக்குப் போனேன். கிடுகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பாதிக் கொட்டில்களுக்குக் கூரை இல்லை. தங்கச்சி மீன் போடுகிற ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டிக்குள் சாக்கு விரித்து, குட்டியை வைத்து, என் முன்னால் வைத்தாள். கேட்கவேயில்லை. நான் வருவதைத் தூரத்தில் கண்டதுமே வைத்துவிட்டாள்.

"நான் இன்னும் சொல்லல்லையே," என்றேன்.

"அனே அக்கா, நீங்க சொல்லுறதுக்குள்ள அடுத்த சீசன் வந்துடும்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வழியில் குட்டி எட்டிப் பார்த்து என் மணிக்கட்டை நக்கியது. சூடாக, ஈரமாக இருந்தது. பெட்டியை எறிந்துவிடுவேனோ என்று ஒரு கணம் பயந்தேன். இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கொட்டிலடிக்கு வந்து இறக்கி வைத்தேன். வெள்ளை ஆடு இரண்டடி பின்வாங்கி, தலையைக் குனிந்துகொண்டு பார்த்தது. குட்டி அதைப் பார்க்கவே இல்லை. என் பக்கம்தான் வந்தது.

நிய்யத்து வைக்க வேண்டுமென்று நின்றேன். இந்த ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் காவலாக என்று தொடங்கினேன். மனம் அதற்குமேல் போகமாட்டேன் என்றது. இரண்டாம் தடவையும் தொடங்கிப் பார்த்தேன். மூன்றாம் தடவை, ஒளிக்க இடமில்லாத இடத்தில் எதை ஒளிக்கப் பார்க்கிறேன் என்று தோன்றியது. யா அல்லாஹ், ஆட்டுக்காகத்தான், ஆனால் எனக்கும் ஆசைதான், அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை என்று இருந்ததை இருந்தபடி சொன்னேன். அது நிய்யத்தாகுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பயம் போகவில்லை. பிறகு கிணற்றடிக்குப் போய்க் கையை ஏழு தடவை கழுவினேன்.

மறுநாள் சனிக்கிழமை. வாடி லொறி காலை எட்டரைக்குப் போனது. குட்டி இரண்டு தடவை சோறு தின்றது, ஒரு தடவை வாந்தி எடுத்தது. பின்னேரம் நான் ஆட்டைக் குட்டியின் கண்ணில் படுகிற இடத்தில் மாற்றிக் கட்டினேன்.